ரேடியோ தம்பி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், இந்தத் தடவை அந்த வார்த்தையை மனசாரவே எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். மலையேறப் போன இடத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் தலைவலி, பாதியில் திரும்பிவிட்டோம் என்று போனில் சொன்னேன் இல்லையா, அது முழுக் கதை இல்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைத் தேற்றப் போய் நானும் அழுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாமல் படி, அப்பா இப்போது கடையில் யாருக்கோ மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் குழுவில் ஒரு தம்பி வந்திருந்தான். பையில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டு வழியெல்லாம் பாட்டு. அப்பா அவனுக்கு ரேடியோ என்று பேர் வைத்து, "மலைக்கே காது வலிக்கும்டி" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மரம் மட்டையெல்லாம் முடிந்து வெறும் கல்லும் பனியுமாக இருந்த இடத்தில் கூடாரம் போட்டோம், விடிந்தால் கணவாயைக் கடக்க வேண்டும். காலையில் பார்க்கிறேன், அப்பா கையுறையைக் காலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. எழுந்து நடந்தால் கால் பின்னுகிறது. டிரைவிங் ஸ்கூலில் இத்தனை வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவளுக்கு எப்போது பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று தெரியாதா, "கீழ இறங்கிடலாம்ங்க" என்றேன். "நல்லாத்தானே இருக்கேன், நீங்க யாரு மேடம்?" என்று கேட்டார். மரியாதையாகக் கேட்டார், நான் வழிகாட்டியைக் கூப்பிட ஓடினேன்.

வழிகாட்டி மற்றவர்களைத் தன் உதவியாளிடம் ஒப்படைத்துவிட்டு, உடனே இறக்கணும், தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும் என்றார். கணவாய் கண்ணுக்கெதிரே தெரிகிறது, அதற்காகவே பல வருஷமாக ஆசைப்பட்டு வந்தவன் ரேடியோ. ஸ்பீக்கரை அணைத்துப் பைக்குள் போட்டான், "கணவாய் எங்கயும் ஓடிடாதும்மா, அப்பாவப் பிடிங்க" என்று அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான். செங்குத்தான இடங்களில் முதுகில் சுமந்தான். நடுவழியில் அப்பாவுக்குக் கண் செருகியது, தூங்க விடாதீங்க என்று வழிகாட்டி கத்தினார். அந்தப் பிள்ளை மூச்சு வாங்க வாங்கத் தானே பாட ஆரம்பித்தான், சுருதியும் இல்லை தாளமும் இல்லை. ரொம்ப தூரம் இறங்கின பிறகு அப்பா கண்ணைத் திறந்து, "ஏண்டி, அவன நிறுத்தச் சொல்லேன்" என்றார். ஏண்டி! என்னைத்தான். அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

கீழே முகாமில் டாக்டர் ஆக்சிஜன் வைத்துவிட்டு, உயரத்தில் காற்று போதாமல் மூளை வீங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தார், மீதியைச் சொல்ல நான் விடவில்லை. ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான். நீயும் மலைக்குப் போகப் போவதாகச் சொன்னாய், தாராளமாகப் போ, ஆனால் அப்பாவைப் போல மறைக்காமல், தலை வலித்தால் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல், அதில் கௌரவம் பார்க்காதே. நீ போகிற இடமெல்லாம் பக்கத்தில் ஒரு நல்ல மனுஷன் இருக்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசு, மறந்துவிடாதே. நான் தினமும் வகுப்புக்கு நடுவில் காரை அவர் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகிறேன். என்ன விஷயம் என்று கேட்டால், கார் கண்ணாடி துடைக்கத் துணி வேணும் என்கிறேன். அவரும் தினமும் ஒரு புதுத் துணி எடுத்துக் கொடுக்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா