உங்கள் பெயரில் திறந்த பெட்டி

சம்பந்தியம்மா,

உங்கள் டேப் கணினியின் உறையில் இன்னும் தைலம் மணக்கிறது. என்னுடையது விழுந்து உடைந்ததால், என் மகளைக் கட்டிய உங்கள் மகன் உங்களுடையதைக் கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். துடைத்துப் பார்த்தேன், மணம் போகவில்லை. நீங்கள் எங்கேயும் அப்படித்தான், எனக்கு முதல் வந்து உட்கார்ந்துகொள்வீர்கள்.

குடும்பப் படங்களை எல்லாம் அவர் நம் இருவர் டேப்பிலும் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டுத் தந்த அன்று, உங்கள் வெள்ளவத்தை வீட்டில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தோம். என்னுடையதில் ஒரு பூட்டும் இல்லை.

"பாத்தீங்களே, என்ர மகள் எனக்கு ஒண்டையும் மறைக்கேல்லை."

நீங்கள் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தீர்கள். "ஓம், மகளெல்லே."

நேற்று இதைத் திறந்தேன். இதில் உங்கள் பெயரை எடுத்து என் பெயரைப் போட அவர் மறந்திருக்கிறார். எனக்குத் தெரிந்த பெட்டிகளுக்கு நடுவே, நான் ஒருநாளும் காணாத ஒன்று. பெயர் 'ரெண்டாவது'.

அவர் தன் கந்தோர் வேலையைப் பற்றி முன்பு சொன்னது அப்போதுதான் விளங்கியது. "தரவுத்தளத்தில உரிமை இல்லாத ஆளுக்குப் பூட்டைக் காட்டினா, உள்ளுக்கு என்னவோ இருக்கெண்டு தெரிஞ்சிடும், மாமி. அதால பேரையே காட்டமாட்டம். அவையளைப் பொறுத்தவரை அப்பிடி ஒண்டு இல்லை." தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறார். பூட்டைக் கண்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். நானோ வெறும் சுவரைப் பார்த்து உங்களிடம் பெருமையடித்திருக்கிறேன்.

உள்ளே ஒரு ஸ்கேன் படம், நான் அறியாத இரண்டாவது பிள்ளை. அதன் கீழே பதிவாகியிருந்த என் மகளின் குரல். "மாமி, பிள்ளை தங்கேல்லையெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ ஒண்டையும் மறக்கமாட்டா. நான் மறக்க நினைச்சாலும் விடமாட்டா."

பிறகு உங்கள் குரல். "நான் சொல்லுவனே? நீ படு, ராசாத்தி."

ராசாத்தி. அது நான் அவளைக் கூப்பிடும் பெயர்.

அந்தப் பதிவில் இருந்த திகதி ஆடிப்பிறப்பு. அன்று கூழ் காய்ச்சிக்கொண்டு வந்த என்னை உங்கள் வாசலில் மறித்தீர்கள். "அவளுக்குக் காய்ச்சல். உங்களுக்கும் தொத்திப்போடும்." கூழை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினீர்கள். புறக்கோட்டை வரைக்கும் பஸ்ஸில் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். பெற்றவள் வெளியே, நீங்கள் உள்ளே. அந்தக் கோபத்தை நான் இன்னும் விடவில்லை, காரணம்தான் மாறியிருக்கிறது. அவள் அழுதபோது தலையைத் தடவியது உங்கள் கை. அது என் கைக்கு வரவேண்டிய தலை.

இன்று மகள் வந்தாள். வந்ததும் வராததுமாக, "மாமியின்ர டேப்பில என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டாள். கண் என் முகத்தைத் துழாவியது.

"கோயில் தேர்ப் படம்தான். வேறென்ன கிடக்கு அதில?"

அவளுக்கு மூச்சு வந்தது. உங்கள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுத் தந்தாள். அந்தப் பெட்டி போய்விட்டது. அது இருந்த இடம்கூடத் தெரியவில்லை, மற்றவை நெருங்கி நின்றுகொண்டன.

நான் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"கூழ் காய்ச்சட்டே, ராசாத்தி?"

"ஆடியும் இல்லை ஒண்டும் இல்லை, இப்ப என்ன கூழ்?" என்று சிரித்தாள். பிறகு, "சரி, காய்ச்சுங்கோ" என்றாள்.

மறதி எனக்கு வராது, சம்பந்தி. சொல்லாமல் இருக்கத்தான் பழகுகிறேன். அதையும் எனக்கு முதல் நீங்கள் செய்துவிட்டீர்கள் என்பதுதான் எரிகிறது.