மண்ணுக்குள் போன நீலச் சட்டை

நந்திதுர்க் லைன்,
கோலார் தங்க வயல்.
நவம்பர் 1998

ஹெப்சி அப்பாவுக்கு நேசமணி எழுதறது.

கர்த்தர் கிருபையில நானும் பிள்ளையும் சுகமா இருக்கோம். ராஜஸ்தான்ல குளிர் ஆரம்பிச்சிருக்கும், காதைக் கட்டிக்கிட்டு ஷிப்டுக்குப் போங்க. அந்தச் சுரங்க வேலைக்கு இன்னும் ரெண்டு வருஷம் கையெழுத்துப் போடவா, இல்ல முடிச்சிக்கிட்டு வரவான்னு கேட்டிருந்தீங்க. அதுக்குப் பதில் எழுதத்தான் உக்காந்தேன். பேனா வேற எங்கியோ போகுது, கொஞ்சம் பொறுத்துப் படிங்க.

இங்க ஒரே மழை. காலையில பனியும் சேர்ந்துக்கிட்டா, தங்கம் பிரிச்சுட்டுக் கொட்டின சயனைட் மணல் மேடு கண்ணுக்கே தெரியறதில்ல. வெயில் அடிச்சா அந்தத் தூசி கொடியில காயற துணி மேலெல்லாம் வந்து உக்காருமே, இப்ப அந்தத் தொல்லை இல்ல.

பள்ளிக்கூடத்துல என் நாலாம் வகுப்புக்குத் துணியைப் பத்திப் பாடம் எடுத்தேன். ஒரு சட்டைக்கான பருத்தி விளையறதுக்குள்ள குடிக்கிற தண்ணி, நம்ம லைன் வீடுங்கள்ல ஒரு வீட்டுச் செலவுக்கு ஒரு மாசத்துக்கு மேல வரும்னு சொன்னேன். தினம் குழாயடியில குடத்தோட நிக்கிற பிள்ளைங்க இல்லியா, வாயைப் பொளந்துட்டாங்க. சாயத் தண்ணி ஆத்துல கலந்தா மீன் இன்னா ஆகும்னும் சொன்னேன். மறுநாளே சாம்ராஜோட அம்மா சண்டைக்கு வந்துட்டாங்க. கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி வேணாம், போன வருஷத்துதே போதும்னு பையன் அடம் பிடிக்கிறானாம். ஊரு இன்னா பேசும், இன்னா டீச்சர் நீங்கன்னு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துட்டு, போறப்ப மெதுவா, செலவு மிச்சம்தான்னு சிரிச்சிட்டுப் போனாங்க.

அதோட விட்டேனா? ஆளுக்கொரு நூல் துணி, ஒரு நைலான் துணி கொண்டாரச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஈர மண்ணுல புதைக்க வெச்சேன். எது மண்ணாகுது, எது ஆகலைன்னு பாக்கறதுக்கு. ஹெப்சியும் என் வகுப்புதானே, எதையோ சுருட்டிக் கொண்டாந்து புதைச்சா. நான் பிரிச்சுப் பாக்கல.

கொஞ்ச நாள் கழிச்சு டிரங்குப் பெட்டியைத் தொறந்தா, உங்க நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம். நீங்க ரயிலேறின அன்னிக்குக் கழட்டிப் போட்டது. நான் அதைத் துவைக்கவே இல்ல. மனசு சரியில்லாத நாள்ல எடுத்து முகத்துல வெச்சுக்குவேன். வெக்கத்தை விட்டு எழுதறேன், சிரிக்காதீங்க. வீட்டையே தலைகீழாப் பொரட்டினேன். இன்னாம்மா தேடறேன்னு பிள்ளை கேட்டப்போ, அப்பா சட்டைன்னு சொல்ல வாய் வரல, ஊசின்னு சொல்லிட்டேன். பாவம், அவளும் கூடச் சேர்ந்து ஊசியைத் தேடினா.

ரெண்டு மாசத்துக்கு மேல மண்ணுல விட்டு, முந்தாநாள் குழியைத் தோண்டினோம். நைலான் ரிப்பனெல்லாம் கடையில வாங்கினாப்பல பளபளன்னு வந்துச்சு. மத்தவங்க நூல் துணி பாதிதான் மக்கியிருந்துச்சு, ஹெப்சி குழியில மட்டும் கொஞ்சம் நீல நூலும் பட்டனும்தான். ஹெப்சிதான் ஜெயிச்சான்னு பிள்ளைங்க கை தட்டினாங்க. அது அப்பா சட்டைம்மா, நல்ல நூல் துணின்னு அவ பெருமையாச் சொல்றா. நானும் கை தட்டினேன், பாடம் அதுதானே. வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

இன்னிக்கு விடியக்காலையில ஒரு கனவு. மணல் மேடு முழுக்கப் பருத்தி வெடிச்சு நிக்குது. கீழ சுரங்கத்துல இருந்து ஆளை ஏத்தற கேஜ் சத்தமே இல்லாம மேல வருது. கதவு தொறந்தா நீங்க. தலையெல்லாம் பஞ்சு. நான் ஊதி ஊதி விடறேன், தீரவே மாட்டேங்குது. முழிச்சுப் பார்த்தா பக்கத்துல பிள்ளையைக் காணோம். பனிக்குள்ள ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி நின்னு, அந்தக் குழிக்குச் சொம்புத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கா. சட்டை மண்ணாச்சு, மண்ணு செடியாகும், செடி பஞ்சாகும், பஞ்சு திரும்ப அப்பா சட்டையாகும்னு சொல்றா. நானே சொல்லிக் குடுத்த பாடம், எப்படி இல்லேன்னு சொல்லுவேன்? அவ கேட்டது ஒண்ணுதான். அப்பா முதல்ல வருவாரா, சட்டை முதல்ல வருமான்னு. நான் அவ கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டியாந்துட்டேன்.

உங்க இஷ்டம்னுதான் எழுத இருந்தேன். நல்ல பொண்டாட்டிக்கு அதுதான் அழகுன்னு நெனச்சேன். இப்ப என் இஷ்டத்தை எழுதறேன். கையெழுத்துப் போடாதீங்க. பண்டிகைக்குன்னு அங்க எந்தச் சேலையும் வாங்காதீங்க. பாதி லைன் காலை ரயில்ல பெங்களூர் வேலைக்குப் போயிட்டு வருது, நீங்களும் போயிட்டு வாங்க. கூலி கம்மியா இருந்தா இருக்கட்டும்.

தினமும் உங்க போக்கையும் வரவையும் காக்கச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவேன். இன்னிக்கு வரவுக்கு மட்டும்தான் பண்ணினேன்.

உங்க,
நேசமணி