சின்னவன் அழுத அழுகை

ஜூன் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நான் மேடையேறி ஐம்பது வருடமாகிவிட்டதாம், நடிகர் சங்கத்தில் விழா எடுக்கிறார்கள். ராஜா, திருடன், நீதிபதி, கிழவி என்று நாடகத்தில் போடாத வேஷமில்லை. சினிமாவுக்குப் போன பிறகு பேயாகக்கூட வந்தாயிற்று. உன் தம்பியிடம்தான் அப்பன் வேஷம் எடுபடவில்லை. என் புதுப் படம் வந்ததிலிருந்து சின்னவன் என் போனை எடுப்பதே இல்லை. அவன் வராமல் அந்த மேடையில் நான் எப்படி உட்காருவேன்? நீ சொன்னால் கேட்பான். முன்வரிசையில் உங்கள் இருவருக்கும் இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பிரியமுள்ள,
அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் போதாது, டாக்டரைப் பாருங்கள்.

தம்பியும் நானும் சேர்ந்துதான் படம் பார்த்தோம். மனைவி இறந்துபோகிற காட்சியில் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, வாயைப் பொத்தி விக்கி விக்கி அழுதுவிட்டு, நடுவில் "அவளுக்குத் தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டீர்களே, தியேட்டரே அழுதது. தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அழுத அழுகை அப்பா அது. அதே சுவர், அதே கேள்வி. நீங்கள் எதிர் பெஞ்சில் அசையாமல் இருந்தீர்கள். துக்கத்தில் உறைந்துவிட்டீர்கள் என்று நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனைப் பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்?

உங்கள்,
பாப்பா

ஜூன் 16

பாப்பா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வேண்டுமென்று பார்க்கவில்லையம்மா. பக்கத்தில் ஒருவர் மூக்கைச் சிந்தினாலும் பிடித்துவைத்துக்கொள்கிற கண் இது, என் பேச்சைக் கேட்காது.

படப்பிடிப்பில் முதலில் எனக்கு வந்தபடிதான் அழுதேன். உங்கள் அம்மாவை நினைத்து, நிஜமாகவே அழுதேன். டைரக்டர் தயங்கித் தயங்கி, "கொஞ்சம் நடிப்பாத் தெரியுது சார், இன்னொரு தடவை போலாமா?" என்றார். அப்புறம்தான் சின்னவனுடையதை எடுத்தேன். உடனே ஓகே ஆகிவிட்டது. என் அழுகை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, நான் என்ன செய்யட்டும்?

அவன் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். வரச் சொல்.

அப்பா

ஜூன் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தம்பியிடம் காட்டினேன். கத்துவான் என்று பயந்தேன், கத்தவில்லை.

"அப்பா மேல கோபமெல்லாம் இல்லக்கா. அம்மாவை நெனச்சா இப்பவும் அழுகை வருது. வந்த உடனே, அப்பா மாதிரியே பண்றோமேன்னு தோணுது. நிறுத்திடறேன். அம்மாவுக்காக அழக்கூட முடியல," என்றான்.

அவன் வரமாட்டான். இனி நானும் அவனைக் கூப்பிடப் போவதில்லை. நான் மட்டும் வருகிறேன். முன்வரிசை வேண்டாம், கடைசியில் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன். அம்மா இல்லாமல் உங்களைத் தனியாக மேடையில் பார்த்தால் அழுதாலும் அழுதுவிடுவேன்.

அப்போது என் பக்கம் பார்க்காதீர்கள் அப்பா.

பாப்பா