பன்னிரண்டு முட்டையும் ஒரு தண்ணீர்த் தட்டும்

மாசி 3, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. தேயிலை ஸ்டோர் மாடியில் பரப்பிய கொழுந்து வாடவே இல்லை. துரை வந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து, திரும்பக் கொட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

கடைசிக் கோழியும் போய்விட்டது. கழிச்சல் நோய். எட்டு நாளில் பதினொன்று. தெய்வானை கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பெரிய கங்காணி சம்சாரம் பங்குனி ரெண்டாந் தேதி கப்பலேறி ஊருக்குப் போகுதாம். நானும் கூடப் போறேங்க."

"எத்தனை நாளைக்கு?"

"போறேன்னுதான் சொன்னேன்."

கலியாணமாகி அவள் இந்தக் குளிருக்கு வந்து மூன்று வருஷம். பிள்ளை இல்லை. எனக்கு விடிந்தால் ஸ்டோர், அடைந்தால் ஸ்டோர். அவளுக்கென்று இங்கே இருந்தது அந்தக் கோழிகள்தான். ஒவ்வொன்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தாள். எனக்கு இரண்டு பெயர்தான் தெரியும்.

மிச்சம்: பானைத் தவிட்டில் பன்னிரண்டு முட்டை. நோய் வருமுன் இட்டவை.

"குஞ்சு பொரிச்சுக் குடுத்தா இருப்பியா?"

"எதுல பொரிப்பீங்க?"

அதைப் பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

மாசி 4, செவ்வாய்

ஒரு மணி நேரம் வெயில். பிறகு பழையபடி.

கொழுந்து நிறுக்கும்போது கூலிக்காரர் லயத்துக் கருப்பாயி: "ஐயா, எங்கிட்ட அடைக்கோழி ஒண்ணு இருக்கு. அம்மா முட்டைய வச்சுத் தாரேன். பாதிக் குஞ்சு எனக்கு."

லயத்துக் கோழிக்கும் நோய் இருக்கும் என்று தட்டிக் கழித்தேன். அது பாதிக் காரணம். மீதி, வீம்பு. பதினெட்டு வருஷமாக மெஷினோடு குடும்பம் நடத்துகிற டீமேக்கர், ஒரு கோழியிடம் போய் நிற்பதா? கிளார்க்கிடம் கொழும்புக் கடைப் படப்புத்தகம் இருக்கிறது. அதில் முட்டை பொரிக்கும் மெஷின் பார்த்திருக்கிறேன்.

தெ. "கருப்பாயி கோழியே போதுமே" என்றாள். சிரித்து மழுப்பினேன்.

மாசி 6, வியாழன்

அப்புத்தளைக் கடைத்தெரு. உப்பு, மண்ணெண்ணெய், தெ.வுக்குத் தலைவலித் தைலம் (மறந்துபோனேன்).

காசிம் நானா கடையில் கிளார்க்கின் படப்புத்தகத்தை விரித்தேன். இரண்டு வகை. ஒன்று தண்ணீர் மெஷின். மேலே செப்புத் தொட்டி, அதில் வெந்நீர், பக்கத்தில் விளக்கு. விளக்கு அணைந்தாலும் சூடு உடனே இறங்காதாம். ஆனால் கொழும்பிலிருந்து வர மூன்று வாரம். முட்டை அதுவரை தாங்காது. மற்றது காற்று மெஷின். விளக்குச் சூட்டில் காற்று காய்ந்து பெட்டிக்குள் சுற்றும். அப்படி ஒன்று கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கிறது. அந்தத் துரை சீமைக்குப் போகிறார், சாமானெல்லாம் விற்கிறார்.

"எது நல்லது நானா?"

"நான் சீத்தைத் துணியும் சீனியும் விக்கிறவன். எங்கிட்டக் கேக்குறீங்களே. வீட்ல அம்மாகிட்டக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. உண்மையில் முன்பே முடிவு செய்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டி என்றாலே எனக்கு ஆகாது. சூடான காற்று என் தொழில். இலை காய்கிற பதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாசனையில் சொல்வேன்.

மாசி 7, வெள்ளி

மாட்டு வண்டியில் பெட்டி வந்தது. நல்ல மரம், கண்ணாடிக் கதவு. ஒரு கால் ஆட்டம். அடியில் தகரத் தட்டு ஒன்று. தெ. சுற்றிவந்து பார்த்தாள். "சவப்பொட்டி மாதிரி இருக்கு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

மாசி 8, சனி

நல்ல நேரம் பார்த்து முட்டை வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கரிக்கோடு, திருப்பிவைக்க அடையாளம். அவள் கோடு எப்போதும் கொஞ்சம் சாய்வு. ஸ்டோர் உஷ்ணமானியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தேன்; முட்டைக்கு 103 பாரன்ஹீட் வேண்டுமாம். 103.

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தில், தட்டில் எந்நேரமும் தண்ணீர் நிற்கவேண்டும் என்றிருக்கிறது. அது சீமைக்குச் சரி. இங்கே உப்பு டப்பாவுக்குள்ளேயே கசிகிறது, சுவரில் பாசி. இன்னும் ஈரம் எதற்கு? தட்டை எடுத்து அலமாரிமேல் போட்டேன். காற்றுத் துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்தேன்.

தெ.: "தட்டு வைக்கலையா?"

"ஈரம் ஆகாது."

"அடைக்கோழி சில நேரம் நனைஞ்ச வயித்தோட வந்து ஒக்காருமுங்க. நான் பாத்திருக்கேன்."

"அது கோழி. இது மெஷின்."

மாசி 15, சனி

மழை. செருப்பு அறுந்தது.

ஏழாம் நாள். விளக்கின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தோம். மூன்றில் ஒன்றுமில்லை. ஒன்பதில் சிவப்பு நூல் நூலாக நரம்பு. ஒன்றில் நடுவே ஒரு புள்ளி துடித்தது. தெ. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை மாதமாயிற்று அவள் தானாகத் தொட்டு. முட்டையை ஆட்டிவிடுவேனோ என்று மூச்சைக்கூட விடவில்லை.

பிறகு சோறு இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

மாசி 22, சனி

எனக்குச் சளி. பெட்டிச் சூடு 103. தெ. கூட்டுக்குப் புதுக் கதவு கேட்டாள். பெரிய கங்காணி சம்சாரம் வந்து "ஊருக்கு மூட்டை கட்டியாச்சா?" என்றது. தெ. "பாக்கலாங்க்கா" என்றாள். கதவுக்குப் பலகை தேடிக்கொண்டிருந்த எனக்கு அது நன்றாகவே கேட்டது.

மாசி 28, வெள்ளி

உள்ளே சத்தம்! முட்டைக்குள்ளிருந்து கீச், கீச். தெ. காதை வைத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள். ஸ்டோரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கருப்பாயியிடமும், கொஞ்சம் சத்தமாகவே.

மாசி 29, சனி

ஐந்து முட்டையில் சின்ன ஓட்டை. அலகு நுனி தெரிகிறது. காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே. ஓடு விரியவில்லை. சத்தம் மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. நான் பெட்டியைச் சுற்றி நடக்கிறேன். கதவைத் திறக்கலாமா கூடாதா என்று காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். கை வரவில்லை.

மாசி 30, ஞாயிறு

எல்லாம் முடிந்தது.

காலையில் தெ. என்னைக் கேட்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து ஒரு முட்டையை எடுத்தாள். உள்தோல் குஞ்சின்மேல் காகிதமாய் ஒட்டிக் காய்ந்திருந்தது. நனைத்து நனைத்து உரித்தாள். வெளியே வந்தது, கண் திறந்தது. அவள் உள்ளங்கையில் ஒரு மணி நேரம் இருந்தது. மற்ற நாலும் ஓட்டுக்குள்ளேயே. ஓட்டை விழாத நாலையும் உடைத்துப் பார்த்தேன். முழுக் குஞ்சுகள், இறகோடு.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியே எவ்வளவு மூடுபனி இருந்தாலும் அதே காற்றைத்தானே உள்ளே இழுத்துச் சூடாக்கி இலையை மொறுமொறுவென்று காயவைக்கிறேன்? பதினெட்டு வருஷமாக அதுதானே என் வேலை? தேயிலைக்குச் செய்ததை முட்டைக்கும் செய்துவிட்டேன்.

அவளிடம் சொன்னேன், தட்டை எடுத்தது என் தப்பு என்று.

"தெரியுங்க" என்றாள். கோபம்கூட இல்லை. குழி தோண்டப் போய்விட்டாள்.

பங்குனி 2, செவ்வாய்

தூறல். ஸ்டேஷனில் பெரிய கங்காணி குடும்பம், பதினேழு மூட்டை. தெ.வின் மூட்டையை நான்தான் ஏற்றினேன். போகாதே என்று எந்த முகத்தோடு கேட்பது?

"எப்ப வருவே?"

"போய்ப் பாக்குறேன். வேளைக்குச் சாப்பிடுங்க."

ரயில் வளைவு திரும்புமுன்பே பனி மறைத்துவிட்டது. அப்புறமும் நின்றேன். போர்ட்டர் வந்து "அடுத்த வண்டி சாயங்காலந்தான் ஐயா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியை விறகாக்கிவிடலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே ஆறு முட்டை. கருப்பாயியிடம் வாங்கியிருப்பாள். ஒவ்வொன்றிலும் கரிக்கோடு, கொஞ்சம் சாய்வாக. கீழே தகரத் தட்டு. தட்டு நிறையத் தண்ணீர்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று இனி யாரிடம் கேட்பது?

விளக்குத் திரியைக் கத்தரித்து ஏற்றினேன். 80. 92. இன்னும் 103 ஆகவில்லை.