பதினெட்டு விநாடி

உன் அம்மா கொண்டுவந்து கொடுத்த ஹார்ட் டிஸ்க்கின் உறையில் உன் பவுடர் வாசனை இன்னும் இருக்கிறது. "அவ சிரிச்சிட்டு இருக்கிற வீடியோவா பாத்துச் சேத்துக் குடும்மா, முப்பதாம் நாள் காரியத்துல போடணும்" என்றார். காய்ச்சல் உன்னை நான்கே நாளில் கொண்டுபோனதை அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. என்னாலும்தான்.

பாபநாசத்தில் தோழிகள் நாம் இருவரும் நடத்திய கல்யாண வீடியோ கடையில் நீ படமெடுப்பாய், நான் எடிட் செய்வேன். இரண்டு கேமராவின் கிளிப்புகளையும் ப்ளேயரில் ஏற்றி, ஒன்று, இரண்டு என்று எண்களை அழுத்தி மாற்றிப் பார்க்கும் வழியை நீதான் கண்டுபிடித்தாய். "ஒரே இடத்துல நிறுத்தி மாத்தி மாத்திப் பாருடி. வித்தியாசம் தானா தெரியும்" என்பாய்.

டிஸ்க்கில் ஒரே கல்யாணத்தின் பந்தி, இரண்டு ஃபைல்களாக இருந்தது. பழக்கத்தில் இரண்டையும் ஏற்றினேன்.

அந்தக் கல்யாணத்தை மறக்க முடியுமா? சமையல்காரர் காலில் ரசம் கொட்டியது. கொதிக்கும் அண்டாவைப் பிடித்தபடி என் தம்பி கதிர் நிற்பதில்தான் நீ ஸ்டேஷனில் கொடுத்த கிளிப் தொடங்கும். அவன்தான் தள்ளினான் என்று வழக்கானது. தேறியிருந்த போலீஸ் வேலை கைவிட்டுப் போனது.

"அதுக்கு முன்னாடி எதுவும் எடுக்கலையாடி?" என்று அன்று கேட்டேன்.

"பேட்டரி மாத்திட்டு இருந்தேன்டி. ஆன் பண்றப்பவே இப்படித்தான் இருந்துச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்.

ஒன்றை அழுத்தினேன். கதிர், சாய்ந்த அண்டா. இரண்டை அழுத்தினேன். அண்டா நிமிர்ந்து நிற்கிறது, கதிரே அங்கு இல்லை. இரண்டாவது கிளிப் பதினெட்டு விநாடி முன்னால் தொடங்கியது. அம்புக்குறியைத் தட்டித் தட்டி நகர்த்தினேன். இலை போடவில்லை என்று உன் அண்ணன் சண்டை போடுகிறார். சமையல்காரரை நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறார். அண்டா சாய்கிறது. எங்கிருந்தோ ஓடிவந்து கதிர் அதை வெறுங்கையால் பிடிக்கிறான். அவன் உள்ளங்கைக் கொப்புளங்களைத்தான் அவன் தள்ளியதற்குச் சாட்சியாக எல்லோரும் காட்டினார்கள். கடையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே நீ அதை வெட்டியிருக்கிறாய்.

கதிர் இப்போது பூதலூர்ப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுகிறான். வரவழைத்துக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தான்.

"அழிக்காம வச்சிருந்திருக்காங்க பாருக்கா" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் தள்ளலன்னு அன்னைக்கே சொன்னேன். நீயும் அந்த வீடியோவைத்தான் நம்புன."

நகலை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். உன் அம்மாவிடமும் சொன்னேன். "பெரியவனைக் காப்பாத்த இப்படிப் பண்ணிட்டாளே" என்றார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து கதிரின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

உன் முப்பதுக்கு வீடியோவைச் செய்து கொடுத்தேன். திரையில் நீ சிரித்தாய். எல்லோரும் அழுதார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் உன் வாசலில் நின்று கத்தியிருப்பேன். நீ அழுதிருப்பாய். ஒருநாள் மன்னித்தும் இருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

தம்பி சாப்பிட உட்காரும்போது அவன் முகத்தைப் பார்க்காமல்தான் இப்போது சோறு போடுகிறேன்.