கொக்குவில் வீட்டில் இருப்பவர்கள்

பார்க்டேல், ரொறன்ரோ
23.11.1997

அன்புள்ள தம்பி சச்சிதானந்தனுக்கு,

நான் நலம். உன் நலம் உன் கடிதத்தில்தான் தெரிய வேண்டும். அதுவோ நாலு மாதமாக வரவில்லை. நீ இருக்கிற பொஸ்னியாவில் சண்டை முடிந்து இரண்டு வருடமாம். தபால்காரருக்கு யாரும் சொல்லவில்லையா?

கொக்குவிலிலிருந்து இரத்தினவேல் மாமா எழுதியிருக்கிறார். நம்முடைய வீட்டில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் இருக்கிறதாம். வேரோனிக்கா என்று ஒருத்தி, நாலு பிள்ளைகள். மீன்பிடிச் சனம். சாமியறையில் மாதா படம் மாட்டியிருக்கிறார்களாம். "பிள்ளை, உவையை இப்ப வீட்டாலை எழுப்பாட்டி பிறகு ஒருநாளும் எழுப்பேலாது" என்கிறார். வீடு என் சீதனம். ஆனால் சீதன உறுதிப் பத்திரம் முடிக்குமுன் அப்பா போய்விட்டதால் பாதி உன் பெயரில் நிற்கிறது. நமக்காக மாமா வழக்குப் போட, அவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். நான் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு.

பதினோராம் மாடியில் இருந்துகொண்டு, ரெக்ஸ்டேல் தொழிற்சாலைக்கு மூன்று பஸ் ஏறிப் போய்வருகிறவளுக்கு, திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது என்ற நினைப்பாவது வேண்டும்.

அன்பு அக்கா,
யோகராணி

பொஸ்னியா
11.1.1998

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

பத்திரம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை, கோபிக்க வேண்டாம்.

சண்டையில் ஓடிப்போனவர்களை அவரவர் வீட்டில் திரும்பக் குடியேற்றுவதுதான் எங்கள் நிறுவனத்தின் வேலை. ஒவ்வொரு வீட்டிலும் வேறு ஊரிலிருந்து ஓடிவந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களை எழுப்பித்தான் இவர்களை இருத்த வேண்டும். போன மாதத் தொடக்கத்தில் ஒரு தையல்காரிக்கு அவள் வீட்டைக் கொடுத்தோம். புதுக் கூரை, புது ஜன்னல். தூதர்கள் வந்து சாவி கொடுத்துப் படமும் எடுத்தார்கள். ஊரில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. கடையில் பாண்கூடக் கொடுக்கவில்லை. ஐந்தாம் வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் எழுப்பிய குடும்பம் பள்ளிக்கூட மண்டபத்தில் படுக்கிறது. அறிக்கையில் அந்த வீடு இன்னும் வெற்றி என்றே இருக்கிறது. கூரை போட எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரியை வணக்கம் சொல்ல வைக்கத் தெரியாது.

ஆகவே அக்கா, இரு தரப்பு உரிமைகளையும் சமமாக எடைபோட்டு, படிப்படியாக ஓர் இணக்கத்துக்கு வருவதே நல்லது என்று நினைக்கிறேன்.

என்றும் உங்கள்,
சச்சி

பார்க்டேல்
15.2.1998

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இரு தரப்பு! எப்போதிலிருந்தடா நான் ஒரு தரப்பானேன்? கந்தோர்க் கடிதம் மாதிரி, கீழே முத்திரை ஒன்றுதான் குறை. அம்மா போன பிறகு உனக்குச் சோறு போட்டவள் நான்.

நீ அங்கேயும் வெளியாள், எப்படியும் ஒருநாள் பெட்டி கட்டுவாய். கொக்குவிலுக்கும் இப்போது வெளியாள்தான். தள்ளி நின்று நியாயம் சொல்வது லேசு.

என்னோடு வேலை செய்யும் மன்னார்ப் பிள்ளை அன்ரனெற்றிடம் இதைச் சொன்னேன். "உங்களுக்குப் பிரச்சினை வீடோ, மாதா படமோ அக்கா?" என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் அவளோடும் பேசவில்லை. மீன்பிடிச் சனம் என்று உனக்கு எழுதியதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

ஆனாலும் கையெழுத்துப் போடு.

யோகராணி

பொஸ்னியா
29.3.1998

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஏசியது சரி. கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வீடு உங்களுடையது; முடிவும் உங்களுடையது.

தையல்காரி திரும்பி வந்திருக்கிறாள். நாங்கள் கூட்டிவரவில்லை. மண்டபத்தில் படுத்த பெண் தானே அவளைத் தேடிப் போய், பிள்ளைகளின் படிப்பு முடியுமட்டும் வீட்டின் கீழ்த்தட்டில் இருக்க விடுவாயா என்று கேட்டாளாம். இப்போது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மேலதிகாரி தலையைச் சொறிகிறார். ஊர் இன்னும் தையல்காரியோடு பேசவில்லை; பாண் மட்டும் மற்றவள் வாங்கிவருகிறாள்.

இதை உபதேசமாக எழுதவில்லை அக்கா. இங்கே நடந்த புதினம் என்று எழுதுகிறேன்.

சச்சி

பார்க்டேல்
19.8.1998

அன்புள்ள சச்சிக்கு,

பத்திரம் வந்த அன்றே மாமாவுக்குக் கவர் எழுதினேன். ஒட்டப் போகும்போது மனம் கேட்கவில்லை. எழுப்பப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுப்புவது எப்படி? வேரோனிக்காவுக்கே நேரே எழுதினேன், எப்போது போவீர்கள் என்று. நேற்றுத்தான் பதில் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாள்:

"அக்கா, என்ரை வீடு இஞ்சையிருந்து பத்துக் கட்டைத் தூரந்தான். எட்டு வருசமா ஆமிக்காரங்கள் போய்ப் பாக்க விடுறாங்களில்லை. எப்ப விடுவாங்கள் எண்டு நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், பதில் சொல்ல ஆளில்லை. நீங்கள் எழும்பச் சொன்னா எழும்புறம். ஒரு கிழமை தவணை மட்டும் தாங்கோ."

அழுதேன், மறைப்பானேன். உன் கடிதம் எனக்குள் இறங்கவில்லை. அவள் கடிதம் இறங்கிவிட்டது. மயிலிட்டிக்குப் பாதை திறக்கும்வரை இருங்கள், முன்னறையை மட்டும் எனக்கு விடுங்கள் என்று எழுதினேன். மாதா படத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதை நேரில் சண்டை பிடித்துக்கொள்கிறேன். மாமா இனி என்னோடு பேசமாட்டார். பத்திரத்தை இன்னும் கிழிக்கவில்லை. நான் அவ்வளவு நல்லவளில்லை.

கடிதத்தின் அடியில் அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள்: "வந்தா, நான் சமைச்சதைச் சாப்பிடுவியளோ?"

அப்பா காலத்தில் அவர்கள் சனத்துக்கு நம் வீட்டுப் படிக்கு மேல் இடமில்லை. உனக்கும் தெரியும். இந்தக் கேள்வியை எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்ததோ, பதில் எழுத எனக்கும் அவ்வளவு எடுத்தது.

சாப்பிடுவேன் என்று எழுதி, இன்று காலை பஸ் ஏறுமுன் தபாலில் போட்டுவிட்டேன்.

அன்பு அக்கா,
யோகராணி