மஞ்சள் மாத்திரையும் என் முதல் கையெழுத்தும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இந்தத் தடவை பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் கையால் இல்லை, நானே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே, சில எழுத்து சட்டி அளவு இருக்கும், சில எழுத்து கடுகளவு இருக்கும், வரியும் போகப் போகக் கீழே இறங்குகிறது, காகிதத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் நேராகிவிடும். ஆறு நாளாக எழுதுகிறேன், கை வலித்தால் விட்டுவிட்டு மறுபடி உட்காருகிறேன். உன் அம்மா நலம், அவள் வாய் அதைவிட நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதன் கதைதான் இந்தக் கடிதம் முழுக்க வரப்போகிறது. நீயும் மருமகளும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும்.

நீ உன் மாமாவிடம் மஞ்சள் மாத்திரை ஆறு டப்பா அனுப்பச் சொன்னாயாமே. அப்பாவே சொல்றார்னா சரியாத்தான் இருக்கும் மாமா என்று போனில் சொன்னாயாம். உன் மாமா இதை என்னிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டினார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் அப்பா எதுவும் சொல்லவில்லை, சொன்னதாக அச்சடித்திருக்கிறார்கள். முதலிலிருந்து சொல்கிறேன், வேலைக்கு நடுவில் படிக்காதே, உட்கார்ந்து படி.

உன் மாமா முன்பு காந்தப் படுக்கை விற்றது உனக்கு நினைவிருக்கும், ஒரு ராத்திரி அதில் படுத்து ஒரு வாரம் நீ நிமிர முடியாமல் நடந்தாயே. இப்போது அவரும் தெருமுனை உடற்பயிற்சிக் கூடத்து மாஸ்டரும் சேர்ந்து மஞ்சள் மாத்திரை விற்கிறார்கள். அதைச் சாப்பிட்டால் தசை ஏறுமாம், தொப்பை இறங்குமாம், மூட்டு வலி போகுமாம், போன ஞாபகசக்தி வருமாம். எது ஏறும் எது இறங்கும் என்று அந்த மாத்திரைக்கு எப்படித் தெரிகிறதோ, அதற்கே நல்ல ஞாபகசக்திதான். இதற்கு உயிரோடு ஒரு சாட்சி வேண்டும் என்று யோசித்து, முப்பத்துநாலு வருஷம் மஞ்சள் ஆலையில் அரவை எந்திரத்துப் பக்கத்தில் நின்ற என்னைப் பிடித்தார்கள். அத்தான், உங்க உடம்புல ஓடறது ரத்தமே இல்ல, மஞ்சள், உங்களவிட்டா வேற ஆள் ஏது என்றார் உன் மாமா. நான் சொன்னேன், அந்த மஞ்சளை மூக்கால் வாயால் கண்ணால் எல்லாம் எடுத்துக்கொண்டவன் நான், தும்மினால் கைக்குட்டை மஞ்சளாகும், அதற்குச் சக்தி இருந்தால் எங்கள் ஆலையில் இருந்த பதினாலு பேரும் இன்றைக்குப் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எங்கள் மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இரண்டு பேர் வேண்டும். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். ஆலையை விட்டு ஆறு வருஷமாகிவிட்டதால் என் நகம் வெளுத்துவிட்டது, அதனால் உன் அம்மாவின் சமையலறை டப்பாவிலிருந்து மஞ்சளை எடுத்து என் கையில் பூசினார்கள். மாஸ்டர் இரண்டு கையிலும் இரும்புக் குண்டைக் கொடுத்து, ஐயா சும்மா ஒரு தடவ உக்காந்து எழுந்திரிங்க என்றார். உட்கார்ந்தேன். எழுந்திருக்கவில்லை. மூன்று பேர் தூக்கி நாற்காலியில் வைத்து இடுப்புக்கு மேலே மட்டும் படம் எடுத்தார்கள். மறுவாரம் பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டியில் சிரித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு வயது எழுபத்தெட்டு என்று போட்டிருக்கிறது. பத்து வயதைக் கூட்டி என்னை இளைஞனாக்கிவிட்டார்கள். காய்கறி வாங்கப் போனால் ஆட்கள் என் முழங்காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

அதுவரைக்கும் விளையாட்டு என்றிருந்தேன். பிறகு உன் மாமா ஒரு காகிதத்தோடு வந்து, படம் போட்டதுக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்து அத்தான், அவ்வளவுதான் என்றார். நான் கையெழுத்துப் பழகி இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் எந்தக் காகிதத்திலும் போட்டதில்லை, ஆயுசு பூராவும் கைநாட்டுத்தான். எழுதப் படிக்க நான் போகிற மாலை வகுப்பு டீச்சர், முதல் கையெழுத்த நல்ல இடமாப் பாத்துப் போடுங்க ஐயா என்று சொல்லியிருந்தார். அதனால் படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். உன் மாமா முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும்.

படித்தவர்கள் ஒரு காகிதத்தைப் பார்த்தால் தாண்டித் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்குத் தாண்டத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து நகர்ந்தால்தான் அடுத்த எழுத்துக்குப் போக முடியும். இரண்டு நாள் ஆனது. அதில் நான் ஆறு மாதமாகத் தினமும் இரண்டு வேளை இந்த மாத்திரையை உட்கொண்டு வருகிறேனாம், மூட்டு வலி அடியோடு நீங்கியதாம், தினமும் நான்கு மாடி ஓடி ஏறுகிறேனாம். மாத்திரை கடைக்கு வந்தே நாலு மாதம்தான் ஆகிறது. நம் கட்டடத்தில் இருப்பதே இரண்டு மாடி, மிச்ச இரண்டு மாடிக்கு நான் எங்கே போவேன். வாசித்த சூட்டோடு டப்பாவையும் எடுத்துப் படித்தேன். மேலே பெரிய எழுத்தில் எல்லா வலிக்கும் விடுதலை என்றிருக்கிறது, அடியில் எறும்பு எழுத்தில் இது மருந்தல்ல, எந்த நோயையும் குணப்படுத்தாது, வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்றிருக்கிறது. பெரிய எழுத்து சொன்னதைச் சின்ன எழுத்து இல்லை என்கிறது. கொண்டுபோய் மாஸ்டரிடம் காட்டினேன். நாலு மாதமாக விற்கிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எப்ப போட்டாங்க என்று என்னைக் கேட்டார்.

உன் அம்மா அவள் தம்பி பக்கம். அவனே இப்பத்தான் ஒரு வழிக்கு வந்திருக்கான், ஒரு கையெழுத்துல நீங்க என்ன தேய்ஞ்சா போவீங்க என்று கேட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டுதான் சத்தமாகப் பேசியது. உன் மாமாவும் விடவில்லை. கையெழுத்து வேணாம் அத்தான், பழையபடி கைநாட்டு வெச்சிடுங்க, நல்லா இருந்த மனுஷன வகுப்புக்கு அனுப்பிக் கெடுத்துட்டாங்க என்றார். அப்போதுதான் நீ போனில் சொன்னதைச் சொல்லிக் காட்டினார். அதைக் கேட்டபிறகு விரலும் வராது பேனாவும் வராது என்று முடிவு செய்துவிட்டேன். ஊரார் என் படத்தை நம்பினால் அது அவர்கள் பாடு, நீ நம்புவது என்னை.

அந்தக் காகிதத்தை அம்மாவுக்கும் மாமாவுக்கும் முன்னால் உரக்க வாசித்தேன். நான் வாசித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். நான்கு மாடி ஓடி என்று வந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை, முந்தின நாள் என்னைக் குளியலறையிலிருந்து கைபிடித்துக் கூட்டிவந்தவளே அவள்தானே. சிரித்து முடித்துவிட்டுத் தம்பியைப் பார்த்து, ஏன்டா, நீ இத முழுங்கறியா என்று கேட்டாள். எனக்கு வயித்துக்கு ஆகலக்கா என்றார் உன் மாமா. அதன்பிறகு அவள் காகிதத்தை நாலாக மடித்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டாள். இப்போது என் படத்தின் மேல் பக்கத்துத் தெரு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தரின் படத்தை ஒட்டிவிட்டார்கள். அவர் நிறையப் படித்தவர், காகிதத்தை நீட்டியதும் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

ஆகவே தெரிந்துகொள், நான் ஒரு மாத்திரைகூட விழுங்கியதில்லை. சமையலில் போடுகிற மஞ்சளோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை, அதுதான் உங்களை வளர்த்தது. டப்பாவில் வருவது வேண்டுமானால் உன் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடு, என் படத்தைப் பார்த்துச் சாப்பிடாதே. இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடு, நாற்காலியிலேயே கிடக்காமல் நட. மாமாவிடம் கடுமையாகப் பேசாதே, அடுத்து எதையாவது விற்பார், அதையும் படிப்போம். குழந்தைக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம், நீ நூறு வயது நல்ல முழங்காலோடு இரு. போன் வேண்டாம், பதிலைக் காகிதத்தில் எழுது, பெரிய எழுத்தாக எழுது. அடுத்த வாரமும் எழுதுகிறேன், அதற்கு நாளையே தொடங்கினால்தான் முடியும்.

வகுப்பில் என் பெயரைத்தான் கையெழுத்தாகப் பழக்கினார்கள், மாமா நீட்டிய காகிதத்திலும் அதற்குத்தான் இடம் விட்டிருந்தது. நீ ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் நீ கூப்பிடுவதையே கீழே போடுகிறேன். நான் போடும் முதல் கையெழுத்து இது. மேலே உள்ள அத்தனையையும் விரல் வைத்துப் படித்துவிட்டேன், எல்லாம் உண்மை.

இப்படிக்கு,
அப்பா